ஊற்றும் வார்ப்பும்

தேநீரை ஊற்றுவதா, வார்ப்பதா? இப்படி ஒரு வினாவை எழுப்பினால், இதற்கும் ஓர் ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கக்கூடும். கோப்பை நிறைந்தால் போதாதா, அதை நிறைத்த வினைச்சொல் எதுவாயிருந்தால் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். ஆனால் மலையகத்துப் பாடசாலைகளிற் பணிபுரியும் தமிழாசிரியர்களுக்கு இவ்வினா புதிதன்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று எவ்விடத்துப் பள்ளிக்குச் சென்றாலும், கீழ்வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளில், ‘அம்மா தேத்தண்ணி ஊத்தினா’ என்ற வாக்கியத்தைக் காணலாம். அதன்மேல் சிவப்பு மை ஓடியிருப்பதையும் பல வேளைகளிற் காணலாம். மேலே, ‘அம்மா தேநீர் வார்த்தார்’ என்று திருத்தம் எழுதப்பட்டிருக்கும்.

தேத்தண்ணியைத் தேநீர் ஆக்கியதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. ‘ஊத்தினா’ என்பது எழுத்துவழக்கன்று என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் அதைத் திருத்தவேண்டியவர் ‘ஊற்றினாள்’ என்றோ ‘ஊற்றினார்’ என்றோ அல்லவா திருத்தியிருக்கவேண்டும்? ஓரெழுத்தின் பிழைக்காக ஒரு சொல்லையே நாடு கடத்துவது எந்த இலக்கணத்தின்பாற்பட்டது? இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதுபற்றி ஆசிரிய அன்பர்களோடும் மாணவரோடும் சிறிது உரையாட விரும்புகிறேன்.

முதலிற் சொல்லின் பிறப்பை நோக்குவோம். தமிழில் தன்வினை பிறவினையாகும் வழிகள் பல. அவற்றுள் ஒன்று, ஈற்றிலுள்ள றகரம் இரட்டித்தல். ஆறு என்பது ஆற்று ஆகும். மாறு என்பது மாற்று ஆகும். ஏறு என்பது ஏற்று ஆகும். தேறு என்பது தேற்று ஆகும். தானே தணிவது ஆறுதல். பிறிதொன்றைத் தணியச் செய்வது ஆற்றுதல். இவ்வரிசையிலேயே ஊறு என்பது ஊற்று ஆகிறது. நீர் தானே சுரப்பது ஊறுதல். சுரந்து வருமாறு செய்வது ஊற்றுதல். பெயர்ச்சொல்லாக நிற்கும்போதும் ‘ஊற்று’ என்றால் நீர் சுரக்கும் இடமே. எனவே, கேத்தலிலிருந்து கோப்பைக்குத் தேநீரை ஊற்றும் தாய், சொல்லின் வேர்ப்பொருளின்படி, அக்கேத்தலை ஒரு சுனையாக்கிவிடுகிறாள். இதைவிட அழகாக அச்செயலை எந்த மொழியில் எந்தப் புலவர் கூறிவிட முடியும்?

ஊறு என்னும் வினை பண்டைய வழக்குடையது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மணற்கேணியில் தோண்டத் தோண்ட நீர் சுரப்பதுபோல, கற்கக் கற்க அறிவு சுரக்கும் என்று வள்ளுவர் சொன்ன குறளை அறியாத மாணவர் யார்? அங்கே நீருக்கும் அறிவுக்கும் அவர் வழங்கிய வினை இந்த ‘ஊறு’ என்பதேயாம். கல்விக்கே உவமையாக வந்த சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது ‘ஊற்று’. அதைக் கல்விக்கூடத்திலிருந்து வெளியேற்றுவது பொருத்தமா என்று எண்ணிப்பாருங்கள்.

இனி, ‘ஊத்து’ என்ற ஒலிக்கு வருவோம். இது கொச்சை, தோட்டத்து வழக்கு என்று கூறுவாரும் உளர். காற்று காத்தாவதும், நேற்று நேத்தாவதும், சேற்றில் என்பது சேத்தில் ஆவதும் தமிழகத்தின் பெரும்பகுதியிலும் நிகழும் ஒழுங்கான ஒலிமாற்றம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே மலையக மக்களிற் பெரும்பாலோர். அவர்கள் தம்மோடு கொண்டுவந்த மொழியில் அந்த ஒலியும் வந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘ற்ற’ தன் பழைய ஒலியை இழக்காமல், நுனிநா மேலே ஒற்ற ஒலிக்கிறது. அதனாலேதான் ஈழத்து எழுத்தில் கிறிக்கெற், லீற்றர் என்றெல்லாம் றகரமிட்டு எழுதும் மரபு உண்டாயிற்று. மலையகத்தாரும் தமிழகத்தாரும் அவ்விடத்தில் டகரமிட்டு எழுதுவர். ஒரு வட்டாரம் ஒலியைக் காத்தது. மற்றொரு வட்டாரம் ஒலியை மாற்றிக்கொண்டது. சொல்லை இரண்டுமே காத்தன. இதில் உயர்வென்ன, தாழ்வென்ன?

திரவப் பொருளை ஒரு கலத்திலிருந்து வெளியேற்றும் செயலுக்குத் தமிழில் ஒரு வினையன்று, பல வினைகள் உண்டு. அவை யாவும் ஒரே பொருளன என்று அகராதியைப் புரட்டுவோர் எண்ணிவிடுவர். கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் அதே செயலை வெவ்வேறு பக்கத்தில் நின்று நோக்குவது விளங்கும்.

வார் என்பதை எடுத்துக்கொள்வோம். வார்தல், போகல், ஒழுகல் என்னும் மூன்று சொற்களும் நேர்மையும் நெடுமையும் குறிக்கும் என்பது தொல்காப்பியர் உரியியலிற் கூறியது. நெடிய கூந்தலை வார்குழல் என்பதும், நீண்ட தோற்பட்டையை வார் என்பதும் இக்கருத்துப்பற்றியே. ஆகவே வார்த்தல் என்பது நேராக நீண்டு ஒழுகும் தாரையைக் கண்முன் நிறுத்தும் சொல். தோசைக்கல்லில் மாவை வார்ப்பதும், அச்சில் உருக்கிய உலோகத்தை வார்ப்பதும் இதன் வழியில் வந்தவை. மலையாளத்தார் உலோகத்தையும் காரையையும் வார்க்கின்றனர். தெலுங்கர் சோற்றுக் கஞ்சியை வடிப்பதற்கு ‘வார்ச்சு’ என்கின்றனர். வேடிக்கை என்னவெனில், அதே கஞ்சி வடித்தலை மலையாளத்தார் ‘ஊற்றுக’ என்பர். திராவிட மொழிகளின் அடுக்களைக்குள் நுழைந்து பார்த்தால் ஊற்றும் வார்ப்பும் அக்காள் தங்கைகளாகப் புழங்கக் காண்கிறோம். எசமானியும் வேலைக்காரியுமாக அல்ல.

பெய் என்பது இன்று மழைக்கே உரியதாகிவிட்டது. பண்டைத் தமிழில் அது கலத்துள் நீரை இடுவதற்கும் வழங்கியது. தீயவழியிற் பொருள் சேர்ப்பதைச் சுடாத மண்கலத்தில் நீரை விட்டுவைப்பதற்கு ஒப்பிட்ட குறளில் வருவது இவ்வினையே. சொரி என்பது அளவின்றிப் பொழிவது. மூவேந்தரும் ஒருங்கிருந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 367ஆம் பாட்டில், ஏற்போர் கை நிறையப் பூவும் பொன்னும் நீரோடு கொடுக்கும் கொடைக்கு இச்சொல் வருகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் வள்ளற் பசுக்கள் பாலைச் சொரிகின்றன. ஆற்று என்பதோ குடிப்பவனின் நாக்கையும் தொண்டையையும் நினைத்துச் செய்யும் செயல். இரு குவளைகளுக்கிடையே தேநீரை ஏற்றி இறக்கிச் சூடு தணிப்பது.

தொகுத்துக் கூறின், வார் ஒழுக்கை நோக்குகிறது. பெய் விழும் இடத்தை நோக்குகிறது. சொரி மிகுதியை நோக்குகிறது. ஆற்று அருந்துபவனை நோக்குகிறது. ஊற்று ஒன்றே மூலத்தை, நீர் எங்கிருந்து பிறந்தது என்பதை, நோக்குகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சொல்லாராய்ச்சியிற் புகுவோர் ஒலியொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு மனம்போன போக்கிற் செல்வதுண்டு. ‘வாயிலிருந்து வார்க்கப்படுவதால் வார்த்தை’ என்று சிலர் மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. வார்த்தை என்பது ‘வார்த்தா’ என்னும் வடசொல்லின் திரிபு. வார்த்தலோடு அதற்கு உறவில்லை. அவ்வாறே, ‘ஊத்து’ என்பது ‘ஊட்டு’ என்பதன் மரூஉ என்பாரும் உண்டு. உண் என்பதன் பிறவினை ஊட்டு. ஊறு என்பதன் பிறவினை ஊற்று. இரண்டும் வேறு. வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் வழங்கும் ‘ஊற்று’ம், ‘ஊற்றுக்கோல்’ என்பதன் முற்பகுதியும்கூட நீரூற்று அல்ல. அவை ஊன்று என்பதன் வலித்தல் விகாரம். வழுக்கு நிலத்தில் ஊன்றிக்கொள்ளும் கோலே ஊற்றுக்கோல். ஓரொலியாயினும் ஈருயிர் என்க. இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடன்; அந்தக் கடனைச் செய்யும்போது வகுப்பறையில் உறங்கும் பிள்ளையும் விழித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

இனித் தேநீருக்கே வருவோம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அது பரவிப் பெருகியபின், கோப்பி மலைகள் ஒவ்வொன்றாகத் தேயிலை மலைகளாயின. சீனத்து மின் மொழியில் ‘தே’ என வழங்கிய சொல்லை ஒல்லாந்தர் மேல்நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். சிங்களத்திலும் ஈழத்தமிழிலும் அந்தத் ‘தே’ நிலைத்தது. அதனோடு நம்மவர் தண்ணீரைச் சேர்த்தபோது, இடையிலே தகர ஒற்று மிகுந்து ‘தேத்தண்ணீர்’ பிறந்தது. புணர்ச்சி இலக்கணம் படியாதவர்கள் செய்த சொல்லில் புணர்ச்சி எவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது பாருங்கள்!

தேயிலையை வெந்நீரில் இட்டால் என்ன நிகழ்கிறது? அது ஊறுகிறது. ஊறிச் சாயம் இறங்குகிறது. தேயிலையின் சுவை பார்ப்பதற்கு அனைத்துலகத் தரநிறுவனம் 1980இல் வகுத்த முறையிலே, 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூளிட்டு 6 நிமிடம் ஊறவிடவேண்டும் என்பது விதி. ஊறுகாயும் ஊறவைத்த அரிசியும் நமக்கு நினைவூட்டுவதுபோல, ஊறுதல் என்பதற்குச் சுரத்தல் என்ற பொருளோடு, நீரில் கிடந்து சாரம் ஏற்றலும் இறக்கலும் ஆகிய பொருளும் உண்டு. ஆகவே, ஊறியதை ஊற்றுகிறோம். எண்ணெயை வார்க்கலாம், மோரையும் வார்க்கலாம். ஆனால் தேநீருக்கு, வேறெந்தப் பானத்தையும்விட, ‘ஊற்று’ என்னும் சொல்லே மிகப் பொருந்துகிறது. தோட்டத்துத் தாய் இலக்கணம் அறிந்து அச்சொல்லைத் தேர்ந்தாள் என்று நான் சொல்லவில்லை. மொழி அவளுக்காகத் தேர்ந்து வைத்திருந்தது என்கிறேன்.

அவள் வாழ்வில் அச்சொல் தேநீரோடு நின்றுவிடவுமில்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊத்துகிறாள். பெண்பிள்ளை பூப்பெய்தினால் தலைக்குத் தண்ணி ஊத்துகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அதையே தண்ணீர் வார்த்தல் என்பர். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துகிறார்கள். மூப்படைந்த காலத்தில் ‘எனக்கு யார் கஞ்சி ஊத்துவார்?’ என்று ஏங்குகிறார்கள். இங்கே ஊற்றுதல் என்றால் உணவிட்டுத் தாங்குதல் என்பதே பொருள். உயிர் பிரியும் வேளையில் வாயிலே பால் ஊத்துகிறார்கள். வானம் இடைவிடாது பொழிந்தால், மழை ஊத்துகிறது. ஒரு மனித வாழ்வை விடியலிலிருந்து அந்திவரை அளந்துகாட்டும் சொல்லாக அது விளங்குகிறது. இத்தனை பாரத்தையும் சுமக்கும் சொல்லைச் சிவப்பு மையால் அடிப்பவர், எதை அடிக்கிறோம் என்று ஒருகணம் எண்ணவேண்டாமா?

மலைக்கும் அச்சொல்லுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. லயத்து மக்களுக்கு நெடுங்காலம் நீர் வந்தது குழாயினின்றன்று, மலைச்சரிவின் ஊற்றினின்று. ஊற்று நீரை ஒழுகச்செய்யும் வாயைப் பீலி என்பர். சிங்களத்திலும் இதே பொருளில் ‘பீல்ல’ என்ற சொல் உண்டு. பீலிக்கரையே பெண்களின் குளிக்குமிடம், துவைக்குமிடம், துயரம் பேசுமிடம். சற்றே பெரிதாக நோக்கின், மகாவலியும் களனியும் வளவையும் இந்த மலைகளிலேதான் பிறக்கின்றன. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் நிறையும் நீர் மின்சாரமாகிக் கொழும்பின் விளக்குகளை எரிக்கிறது. இந்நாட்டின் ஊற்றுக்கண் மலையகம். அங்கே வாழ்பவன் ‘ஊற்று’ என்று சொன்னால் அது பிழையாகிவிடுமா?

வார் என்னும் சொல்லுக்கு மலையக வரலாற்றில் வேறொரு நினைவுண்டு. கொடையளிப்போர் நீர் வார்த்துக் கொடுப்பது பண்டை வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுக்களில் இத்தொடரைப் பரக்கக் காணலாம். திருமணத்திற் கன்னிகாதானம் செய்வோர் தாரை வார்க்கின்றனர். தாரை வார்த்தபின் கொடுத்தவனுக்கு அப்பொருளின்மேல் உரிமையில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேர் இலங்கைக்கென்றும், எஞ்சிய 1,50,000 பேர் பின்னொருகாற் பார்த்துக்கொள்ளலாமென்றும் பங்கிடப்பட்டனர். 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாரை வார்த்தல் என்னும் சொல்லுக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டை நான் அறியேன். நிலத்தைத் தாரை வார்த்த மன்னரைக் கல்வெட்டிற் படித்திருக்கிறோம். மனிதரைத் தாரை வார்த்ததை நம் காலத்து வரலாற்றிற் படிக்கிறோம். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

சொல்லின்மேல் எனக்குப் பகையில்லை. ‘நற்செய்தி சொல்லி என் வயிற்றிற் பால் வார்த்தாய்’ என்று தமிழர் மகிழ்வதும் அதே வார்த்தல்தானே! நான் வேண்டுவது, ஒரு சொல்லை அரியணையேற்றி, மற்றொன்றை வாயிலில் நிறுத்தாதீர்கள் என்பதே.

இதற்கு ஒரு மறுப்பு எழும். மரபாவது உயர்ந்தோர் வழங்கியவாறு வழங்குதல் என்று நன்னூலார் கூறவில்லையா, மக்கள் பேசுவதையெல்லாம் எழுத்தில் ஏற்றினால் மொழி சிதையாதா என்று கேட்பர். நியாயமான வினாவே. பொதுத்தமிழ் ஒன்று வேண்டும். இல்லையேல் ஹட்டன் மாணவன் எழுதியதை வல்வெட்டித்துறை மாணவனும், வல்வெட்டித்துறை மாணவன் எழுதியதை மதுரை மாணவனும் படிக்க இயலாது. ஆயினும் தொல்காப்பியம் வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் முதலாகக்கொண்டு ஆராய்ந்த நூல் என்று அதன் பாயிரமே கூறுகிறது. வழக்கு முன்னே வைக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். மேலும், ‘ஊற்றினாள்’ என்பது பொதுத்தமிழே. தமிழ் கூறும் நல்லுலகில் அதை அறியாதவர் எவருமிலர். ஆகவே இங்கே நடப்பது பொதுத்தமிழைக் காக்கும் பணியன்று. தோட்டத்திலிருந்து வந்த சொல்லாதலால் அது தாழ்ந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்ற முன்முடிவே அந்தச் சிவப்பு மைக்குள் கலந்திருக்கிறது.

‘தோட்டக்காட்டான்’ என்ற வசைச்சொல் எத்தனை பிள்ளைகளின் தலையைக் குனியவைத்தது என்பதை இப்பகுதியில் வாழ்ந்தோர் அறிவர். அந்த வசையை இன்று எவரும் மேடையில் வெளிப்படையாகச் சொல்லத் துணியார். ஆனால் கட்டுரைக் கொப்பியின் ஓரத்தில் அது சத்தமின்றி உயிர்வாழ்கிறது. தன் தாயின் வாய்மொழி பிழையென்று பத்து வயதில் அறிந்துகொண்ட பிள்ளை, பதினைந்து வயதில் தாயையே பிழையென்று எண்ணத் தொடங்குகிறது. பாடசாலைக் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துவர நாணுகிறது. வாய்திறந்தால் பிழை வந்துவிடுமோ என்றஞ்சி வகுப்பில் மௌனியாகிறது. பேசாத பிள்ளை எழுதுவதெங்ஙனம்? ஒரு வினைச்சொல்லில் தொடங்கிய சிறு திருத்தம் எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

கோப்பிக் காலத்தில் வந்த முன்னோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியை நினைவுகூர்ந்து, 2023இல், இருநூறாண்டு நிறைவையொட்டி மக்கள் மீண்டும் நடந்தனர். போற்றத்தக்க செயல். அந்த முன்னோர் காட்டுவழியில் சுமந்துவந்த உடைமைகளுள் பெரும்பாலானவை அழிந்துபோயின. சட்டியும் துணியும் மண்ணாயின. அழியாது எஞ்சியது அவர்கள் மொழியே. நினைவுத்தூண் எழுப்புவோர் எழுப்பட்டும். மலையகத் தமிழாசிரியர் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் ஒன்றுண்டு. வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையையும், தன் வீட்டில் நீரோடு தொடர்புபட்டு வழங்கும் சொற்களைப் பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஊத்து, பீலி, சாயம், தேத்தண்ணி என்று அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் எழுத்துவடிவத்தையும், ஒத்த சொற்களையும், அவற்றிடையே உள்ள நுண்ணிய வேற்றுமையையும் கற்பியுங்கள். ‘ஊத்து’ என எழுதியிருந்தால், அதை அடித்துவிடாமல், காற்று காத்தான கதையைச் சொல்லி, உள்ளே மறைந்திருக்கும் றகரத்தைக் காட்டுங்கள். இலக்கணப்பாடத்துக்கு இதைவிடச் சிறந்த வாயில் வேறில்லை.

வார்ப்புக்கு அச்சு வேண்டும். அச்சு எவ்வாறோ பொருளும் அவ்வாறே அமையும். நூறு வார்த்தாலும் நூறும் ஒன்றுபோலிருக்கும். ஊற்றுக்கு அச்சு வேண்டியதில்லை. மேலே கிடக்கும் மண்ணை அகற்றினாற் போதும், நீர் தானே வரும். வகுப்பறையில் நாம் செய்வது இவ்விரண்டில் எது என்பதை ஆசிரிய அன்பர்கள் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வார்களாக.